குடமும் கிதாரும்: குறுவாழ்வு வாழ்ந்த ‘சக்தி’ இசைக்குழு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சேலம், நாமக்கல் சமவெளிக்கு இரும்பின் ஓசை புதிதன்று. கஞ்சமலை இரும்புத்தாதுவால் பெயர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பறங்கிப்பேட்டையில் நிறுவிய இரும்பாலைக்குச் சேலத்துத் தாதே சென்றது. 1981இல் சேலம் உருக்காலை இயங்கத் தொடங்கியது. நாமக்கல்லின் லாரிக் கூடு கட்டும் பட்டறைகளிலும் திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளிலும் இரும்போடு இரும்பு மோதும் ஒலி பகலெல்லாம் கேட்கிறது. இம்மண்ணின் இளைஞர் இன்று கைப்பேசி வழியே கேட்கும் மேலையிசை வகை ஒன்றுக்கும் ‘உலோகம்’ என்றே பெயர். ‘மெட்டல்’ என அவர்கள் வழங்குவது அதனையே.

அதன் ஒரு கிளை ‘புரோகிரஸிவ் மெட்டல்’. மின்கிதாரின் உறுமலும் முரசுகளின் அதிர்வும் உலோக இசைக்குப் பொதுவானவை. இக்கிளைக்கு உரிய சிறப்பு வேறு. ஒரே பாடலுக்குள் தாளம் பலமுறை மாறும். ஐந்து, ஏழு, ஒன்பது என எண்ணிக்கை நடைகள் பின்னிச் செல்லும். ஒரு பாடல் கால்மணி நேரத்தைக் கடந்தும் நீளும். கடும் பயிற்சியும் கூட்டு ஒழுங்கும் வேண்டுவதாலோ என்னவோ, இவ்வகைக் குழுக்கள் பல நெடுங்காலம் நிலைப்பதில்லை. ஃபுளோரிடாவில் 1987இல் தோன்றிய ‘சினிக்’ குழு, 1993இல் ஒரே ஒரு முழுத் தொகுப்பை வெளியிட்டு, அடுத்த ஆண்டே கலைந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே மீண்டும் கூடியது. எனினும் அந்த ஒரு தொகுப்பு இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது.

குறுகிய வாழ்வும் நெடிய விளைவும் உடைய இத்தகைய குழுக்களுள் தமிழர்க்கு மிக அணுக்கமானது எது என்று தேடினால் கிடைக்கும் விடை, உலோகத்தை விடுத்து மண்குடத்தைக் கைக்கொண்ட ஒரு குழு. 1975 முதல் 1978 வரை இயங்கிய ‘சக்தி’யே அது. அதன் வரலாறும், அவ்வரலாறு கவிஞர் முன் வைக்கும் கேள்வியும் இவ்வுரையின் பொருள்.

பேரோசையிலிருந்து விலகல்

சக்தியின் கதை ஓர் ஆங்கிலேயரிடம் தொடங்குகிறது. ஜான் மெக்லாக்லின் 1942இல் யார்க்‌ஷயரில் பிறந்த கிதார்க் கலைஞர். அமெரிக்கா சென்று மைல்ஸ் டேவிஸ் என்னும் ஜாஸ் மேதையின் இசைத்தட்டுகளில் வாசித்தார். 1971இல் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ என்னும் குழுவைத் தொடங்கினார். மின்கிதார், மின்வயலின், பெருமுரசுகள் ஆகியவற்றைக் கொண்டு, மேலையர்க்குப் பழக்கமில்லாத எண்ணிக்கைகளில் அமைந்த இசையைப் பேரோசையோடும் பெருவேகத்தோடும் அக்குழு வழங்கியது. பின்னாளில் தாளச் சிக்கலை நாடிய ராக், மெட்டல் குழுக்களின் முன்னோடிகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. அதன் முதல் அமைப்பும் குறுவாழ்வே வாழ்ந்தது, 1973இல் கலைந்தது.

புகழின் உச்சியில் இருந்த ஒருவர் அதே வழியைத் தொடர்வதே உலக இயல்பு. மெக்லாக்லின் அவ்வாறு செய்யவில்லை. கனெடிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். இராமநாதன் கருநாடக இசைவாணர். சிலப்பதிகார இசையை ஆராய்ந்த அறிஞரும் ஆவார். புகழ்பெற்ற கிதார்க் கலைஞர் ஒருவர் மாணவராகித் தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் முன் அமர்ந்ததே சக்தியின் உண்மையான தொடக்கம் எனலாம். பேரோசையிலிருந்து விலகியும் தாளச் சிக்கலை அவர் விடவில்லை. அதற்குரிய இலக்கணத்தைத் தேடிச் சென்றார்.

பக்கவாத்தியக்காரர்களின் அவை

சக்தியில் கூடியோர் யாவர் என்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவர்களுள் நால்வர், பாடகர்க்குப் பின்னோ பக்கத்திலோ அமர்ந்து வாசிக்கும் கருவிகளுக்கு உரியவர்கள்.

வயலின் கலைஞர் எல். சங்கர் 1950இல் சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தந்தை வி. இலட்சுமிநாராயணர் அங்கே இசையாசிரியராக விளங்கினார். 1958ஆம் ஆண்டின் இனக்கலவரத்துக்குப் பின் அக்குடும்பம் தமிழகம் திரும்பியது. பக்கவாத்தியமாகவே நின்ற வயலினைத் தனித்து இசைக்கும் முதன்மைக் கருவியாக உயர்த்த வேண்டும் என்பது தந்தையின் வேட்கை. மைந்தர்களான எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரும் அதனை நிறைவேற்றினர். 1982இல் வெளிவந்த ‘ஏழாவது மனிதன்’ திரைப்படத்தில் பாரதியின் பாடல்களுக்கு இசையமைத்தவர் இவர்களுள் மூத்தவரான வைத்தியநாதனே என்பது இவ்வவைக்கு நினைவிருக்கும்.

தபேலா வாசித்த ஜாகிர் உசேன் 1951இல் பம்பாயில் பிறந்தவர். உஸ்தாத் அல்லா ரக்காவின் மைந்தர். கடம் வாசித்த டி.எச். விநாயக்ராம் 1942இல் சென்னையில் பிறந்தவர். 1966இல் ஐக்கிய நாடுகள் அவையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது உடன் சென்று கடம் வாசித்தவர். தொடக்கத்தில் மிருதங்கம் வாசித்தவர் இராமநாதபுரம் இராகவன். அவரும் வெஸ்லியனில் ஆசிரியராக இருந்தவர்.

வடநாட்டுத் தபேலாவும் தென்னாட்டுக் கடமும் ஒரே மேடையில் இணையாக அமர்தல் அந்நாளில் அரிது. இந்துஸ்தானி, கருநாடகம் என்னும் இரு மரபுகளும் ஒன்றையொன்று மதித்தனவே அன்றி நெருங்கிப் பழகவில்லை. வடக்கையும் தெற்கையும் ஒரு விரிப்பில் அமர்த்தியது ஆங்கிலேயர் ஒருவரின் அழைப்பு என்பது சிறிது நாணத்தோடு ஏற்க வேண்டிய செய்தி.

குடத்தின் இடம்

கச்சேரி மரபில் கடத்தின் இடம் இவ்வவையோர் அறிந்ததே. பாடகர் நடுவில், வயலினும் மிருதங்கமும் இருபுறமும், கடம் உபபக்கவாத்தியம். தனியாவர்த்தனத்தில் மிருதங்கம் வாசித்து முடித்து இடம் தந்தால் கடம் வாசிக்கும். நேரம் குறைந்தால் முதலில் குறைவது கடத்தின் பங்கே.

கடம் செய்தல் எளிய தொழிலன்று. மானாமதுரைக் குயவர்கள் மண்ணைத் தேர்ந்து, பதப்படுத்தி, சுவரின் கனம் எங்கும் ஒத்திருக்குமாறு தட்டித் தட்டி உருவாக்குகிறார்கள். மண்ணோடு உலோகத்துகள் சேர்த்துச் செய்வதும் உண்டு. சுட்டெடுத்த பின் சுருதியைப் பெரிதாக மாற்ற இயலாது. மிருதங்கத்தை வார் இழுத்துச் சரிசெய்யலாம். குடத்தின் சுருதி சூளையிலேயே முடிவாகி விடுகிறது. ஆகவே ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு குடம் வேண்டும்.

சக்தியில் இக்குடம் முன்வரிசைக்கு வந்தது. இராகவன் முதல் இசைத்தட்டோடு நின்றுவிட்டார். அதன்பின் தபேலாவும் கடமுமே தாளத்தின் முழுச்சுமையைத் தாங்கின. வேண்டும் இடங்களில் மிருதங்கத்தையும் விநாயக்ராமே வாசித்தார். கிதார் ஒரு வினா எழுப்பும். வயலின் விடை கூறும். அவ்விடையைக் குடம் மறுத்துப் பேசும். தபேலா அதனினும் நுட்பமாக ஒரு கணக்கை வைக்கும். யார் முன், யார் பின் என்னும் வரிசை அங்கே கரைந்தது.

பழந்தமிழ் மரபும் இதனை அறியும். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் குழலின் வழி யாழும், யாழின் வழி தண்ணுமையும், அதன்பின் முழவும், முழவோடு கூடி ஆமந்திரிகையும் இசைத்தமையை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். கருவிகளின் கூட்டம் ஒரே குரலாய் நிற்கும் நிலை அது. சக்தி அதனின்றும் ஓரடி வேறுபட்டது. வழி நிற்றல் மட்டுமன்றி, வழிகாட்டலும் முறைமாறி எல்லார்க்கும் உரியதாயிற்று.

மூன்று இசைத்தட்டுகள்

1975 ஜூலை 5ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவில் உள்ள சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் சக்தி வாசித்தது. அந்நிகழ்ச்சியின் பதிவே 1976இல் முதல் இசைத்தட்டாக வந்தது. அதில் மூன்றே உருப்படிகள். முதலாவது ஏறத்தாழ 18 நிமிடம். இரண்டாவது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. மூன்றாவது ஏறத்தாழ 29 நிமிடம். மூன்று நிமிடப் பாடல்களைக் கேட்டுப் பழகிய வணிகச் சந்தையில், மின்கருவி ஒன்றும் இல்லாமல், வாய்ப்பாட்டும் இல்லாமல் இப்படியொரு தட்டினை வெளியிடுவது துணிவுதான்.

அடுத்து இலண்டனில் 1976இல் பதிவான ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ வந்தது. அதன் தொடக்க உருப்படி கொன்னக்கோலில் எழுகிறது. தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு எனத் தமிழகத்து மாணாக்கர் குருவின் முன்னமர்ந்து ஒப்பிக்கும் சொற்கட்டுகள், உலகச் சந்தைக்கான இசைத்தட்டின் வாயிலில் நின்றன. 1977இல் மூன்றாவது தட்டு ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’. முன்னையவற்றினும் குறுகிய உருப்படிகளைக் கொண்டது அது.

கிதாரும் தன்னை மாற்றிக்கொண்டது. சக்திக்கெனச் செய்விக்கப்பெற்ற கருவியில் மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகச் செதுக்கப்பட்டது. வீணையில் தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் பிடிப்பதுபோல் கிதாரிலும் பிடிப்பதற்கே இந்த ஏற்பாடு. முதன்மைத் தந்திகளின் கீழே ஏழு சுருதித் தந்திகள் குறுக்காகச் சென்றன. ஒரு மரபோடு உரையாட விரும்புகிறவர் தம் கருவியையே செதுக்க நேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குறைகளும் கூறத்தக்கன. சில இடங்களில் வேகம் பாவத்தை முந்துகிறது. மேடையில் சமநிலை நிலவியதே அன்றி, உறையில் நிலவவில்லை. முதல் தட்டின் பெயர் ‘ஜான் மெக்லாக்லினுடன் சக்தி’ என்பதே. வணிக நிறுவனம் விற்கத் தெரிந்த பெயரை முன்வைத்தது. முதல் தட்டில் வாசித்த இராகவனின் பெயர் இன்று எத்தனை பேர் நாவில் வருகிறது? தமிழ்ச் சிற்றிதழ் வரலாற்றிலும் ஆசிரியர் பெயர் நிற்கிறது. அச்சுக்கோத்தவர், மெய்ப்புத் திருத்தியவர், சந்தா திரட்டியவர் பெயர்கள் மறைகின்றன. கூட்டு முயற்சியின் வரலாற்றை எழுதுவோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

கலைவும் தொடர்ச்சியும்

1978இல் சக்தி கலைந்தது. அதே ஆண்டில் மெக்லாக்லின் மின்கிதாருக்குத் திரும்பி ஒரு தட்டினை வெளியிட்டார். சங்கர் 1979இல் ஃபிராங்க் ஜப்பாவின் தயாரிப்பில் தம் தட்டினைக் கொணர்ந்தார். பின்னர்ப் பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினைத் தமக்கென உருவாக்கினார். ஜாகிர் உசேனும் விநாயக்ராமும் பங்கேற்ற ‘பிளானெட் டிரம்’ 1991இல் வந்து கிராமி விருது பெற்றது. நால்வரும் நான்கு திசையில் சென்றாலும் மூன்றாண்டுப் பயிற்சியை உடன் கொண்டே சென்றனர்.

விநாயக்ராமின் தந்தை டி.ஆர். ஹரிஹர சர்மா 1958இல் சென்னையில் நிறுவிய தாளவாத்தியப் பள்ளியைப் பற்றி இங்கே தனித்துச் சொல்ல வேண்டும். அங்கே இசை பயில வந்த சுகன்யா ராம்கோபால் என்னும் பெண் கடம் கற்க விரும்பினார். பெண்ணின் கைக்கு அது கடினம் எனக் கருதப்பட்ட காலம் அது. விநாயக்ராம் வெளிநாடு சென்றிருந்தபோது, முதியவரான ஹரிஹர சர்மா அப்பெண்ணுக்குக் கடம் கற்பித்தார். திரும்பி வந்த மைந்தர் அவ்வாசிப்பைக் கேட்டு ஏற்றுக்கொண்டு தாமும் கற்பித்தார். சுகன்யா கடம் வாசிப்பில் முதல் பெண் கலைஞராகப் போற்றப்பெற்றார். பின்னாளில் பெண்களே இசைக்கும் தாளவாத்தியக் குழு ஒன்றையும் அமைத்தார். மைந்தர் கடல் கடந்து குடத்தின் இடத்தை உயர்த்தியது ஒரு வரலாறு. தந்தை வீட்டிலிருந்தபடியே குடத்துக்கு உரியவர் யார் என்னும் வரம்பை உடைத்தது மற்றொரு வரலாறு. இரண்டாவது வரலாற்றுக்கு இசைத்தட்டு இல்லை. எனினும் அது முன்னதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்னும் பெயரில் குழு மீண்டும் எழுந்தது. மெக்லாக்லின், ஜாகிர் உசேன், விநாயக்ராம் ஆகியோரோடு புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா இணைந்தார். பின்னர் மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் மைந்தர் கஞ்சிராக் கலைஞர் வி. செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன் ஆகியோர் வந்தனர். 2009இல் வெளிவந்த ‘வெண்ணிலா கபடி குழு’ படத்துக்கு இசையமைத்தவர் இந்தச் செல்வகணேஷே. 2014இல் ஸ்ரீநிவாஸ் மறைந்தார். வயலின் கலைஞர் கணேஷ் இராஜகோபாலன் இணைந்த பின் 2023இல் ‘திஸ் மொமெண்ட்’ என்னும் தொகுப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஜாகிர் உசேன் காலமானார்.

மூன்றாண்டில் முடிந்ததெனக் கருதப்பட்ட ஒன்று, ஏறத்தாழ ஐம்பதாண்டுக்குப் பின்னும் புதிய தட்டினைத் தந்தது. தந்தையின் இடத்தில் மைந்தர் அமர்ந்தார். ஆகவே கலைதல் வேறு, அழிதல் வேறு. ‘எழுத்து’ 1959இல் தோன்றி 1970இல் நின்றது. ஆயினும் அது திறந்துவிட்ட புதுக்கவிதை நிற்கவில்லை. 1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’யும் சில ஆண்டுகளே வாழ்ந்தது, தமிழ்ச் சிறுகதை இன்றும் அதன் பெயரைச் சொல்லியே தன் வரலாற்றைத் தொடங்குகிறது.

கவிஞர்க்கு ஒரு கேள்வி

இனி, இவ்வரலாறு கவிஞரை நோக்கி எழுப்பும் கேள்வி. சக்தியின் கலைஞர்கள் உலகுக்கு எடுத்துச் சென்றது எண்ணிக்கையின் இலக்கணத்தை. திச்ரம், சதுச்ரம், கண்டம், மிச்ரம், சங்கீர்ணம் என்னும் ஐந்து நடைகளும் அவர்களுக்குத் தளையாகத் தோன்றவில்லை. உரையாடும் மொழியாகத் தோன்றின. இலக்கணம் பொதுவாக இருந்தமையால்தான் யார்க்‌ஷயரிலிருந்து வந்தவரும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவரும் முன்கூட்டி எழுதாத இடங்களிலும் சேர்ந்து சென்று ஒரே புள்ளியில் முடிக்க முடிந்தது.

தமிழ்க் கவிஞரிடம் இவ்விலக்கணம் இல்லையா? அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் பாடிய திருப்புகழ், சந்தங்களின் பெருங்கடல். மூன்றும் நான்கும் ஐந்தும் ஏழும் கலந்து வரும் அச்சந்தங்களுக்கு ஒத்த தாளம் அமைக்க இசைவாணர் இன்றும் தனிப்பயிற்சி கொள்கின்றனர். அவர் பாடிய தலங்களுள் ஒன்று, இச்சமவெளியில் நிமிர்ந்து நிற்கும் திருச்செங்கோடு. தாளச் சிக்கலைத் தேடி ஓர் ஆங்கிலேயர் வீணையின் முன் அமர்ந்தார். அச்சிக்கலின் ஊற்றுகளுள் ஒன்று பேருந்தில் சென்றடையும் தொலைவிலே இருக்க, கவிஞர் அதனைப் பக்திப் பாடல் என்றும் பழையது என்றும் ஒதுக்கிவைத்தல் முறையா?

புதுக்கவிதை யாப்பைத் துறந்தது தேவையான விடுதலையே. அதனை மறுத்துரைத்தல் இவ்வுரையின் நோக்கமன்று. ஆனால் யாப்பைத் துறந்தவர் காதையும் துறக்க வேண்டியதில்லை. மெக்லாக்லின் பேரோசையைத் துறந்தார், தாளத்தைத் துறக்கவில்லை. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்னும் தெளிவே அக்குழுவைப் பிற கலவை முயற்சிகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோளோடு இவ்வுரை நிறைவுறுகிறது. ஒரு திங்கள் கூட்டத்தைத் திருச்செங்கோட்டுத் திருப்புகழுக்கு ஒதுக்கலாம். பொருள் விளக்கத்துக்கு முன்னதாகச் சந்தத்தைச் சொற்கட்டாக வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். உள்ளூர் மிருதங்கக் கலைஞர் ஒருவரையும், மாடியறையில் கதவடைத்து மின்கிதார் பழகும் இளைஞர் இருவரையும் அழைக்கலாம். அவர்கள் ஒரே விரிப்பில் அமரட்டும். கவிஞரும் அவர்களோடு அமரட்டும். உபபக்கவாத்தியம் என எவரும் பின்னே அமர வேண்டாம். அக்கூட்டம் ஓராண்டே நடந்து நின்றுபோனாலும் இழப்பில்லை. யாரேனும் ஒருவர் ஏழெண்ணும் நடையில் ஒரு கவிதையோடு வீடு திரும்புவாராயின் அதுவே போதும்.